ரஜாய் போர்த்திய இறால்

நான் கோபக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பேன். அதற்கு நான் பொறுப்பில்லை. மற்றவர்கள்தான் பொறுப்பு.

ஒரு புதன்கிழமை மதியம் எல்லாம் தொடங்கியது. ஆறாம் வகுப்பு, சாப்பாட்டு இடைவேளை. நான் டிபன் டப்பாவைத் திறந்தேன். உள்ளே உருளைக்கிழங்கு பராத்தா.

முன் பெஞ்சிலிருந்து குர்நூர் திரும்பி எட்டிப் பார்த்தாள்.

“என்ன மதுமதி, இன்னைக்கு இட்லி இல்லையா?”

எங்கள் வகுப்பில் எல்லாரும் ஹிந்தியில்தான் பேசுவோம். உங்களுக்காக அதைத் தமிழில் எழுதுகிறேன். எந்த மொழியில் எழுதினாலும் அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

மூன்றாம் வகுப்பிலிருந்து குர்நூர் இதையே கேட்கிறாள். பூரி கொண்டுபோனால் கேட்பாள். நூடுல்ஸ் கொண்டுபோனால் கேட்பாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று ரொட்டியும் பாலும் கொண்டுபோனேன். அன்றைக்கும் கேட்டாள். நான் டெல்லியில் பிறந்தவள், இங்கேயே துவாரகா பகுதியில் வளர்ந்தவள். ஆனாலும் என் நெற்றியில் ‘இட்லி’ என்று எழுதி ஒட்டியிருப்பது போல அவள் பார்ப்பாள்.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்க வீட்ல இட்லி மட்டும்தான் செய்வாங்கன்னு உனக்கு யார் சொன்னது? எங்க வீட்ல தாய்லாந்து இறால்கூடச் செய்வாங்க. மொறுமொறுன்னு இருக்கும். ஒருத்தர் கடிச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்!”

பக்கத்தில் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தித்லி நிமிர்ந்தாள். தித்லி வங்காளிப் பெண். அவர்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன். இறாலைப் பற்றி அவளிடம் கதை விட முடியாது.

“இறாலா? எப்படிச் செய்வீங்க?” என்று கேட்டாள்.

“ஃபேங்கூ! ஃபேங்கூ!” என்று கடைசி பெஞ்சிலிருந்து யாரோ கத்தினார்கள். ஃபேங்கூ என்றால் எங்கள் பள்ளியில் புளுகுமூட்டை என்று அர்த்தம். ஒருமுறை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பன்னிரண்டாம் வகுப்புவரை போகாது.

“அச்சா?” என்றாள் குர்நூர். “அப்போ சனிக்கிழமை நானும் தித்லியும் உங்க வீட்டுக்கு வரோம். சாப்பிட்டுப் பாத்துட்டு வந்து கிளாஸ்ல சொல்றோம்.”

“வாங்க” என்றது என் வாய். மூளையிடம் அது அனுமதி கேட்கவே இல்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாய்லாந்து இறால் செய்தது ஒரே ஒருமுறை. அம்மா விமான நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே பாங்காக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த பிம் ஆன்ட்டி அம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். கூடவே இனிப்பும் காரமுமாக ஒரு மிளகாய் சாஸ் பாட்டிலும் கொடுத்தார். புத்தாண்டு அன்று அம்மா எட்டே எட்டு இறால் செய்தாள். ஆளுக்கு இரண்டு. அவ்வளவுதான்.

முழு இறாலை வாலோடு எடுத்து, மெல்லிய மாவுத்தாளில் சுற்றி, எண்ணெயில் பொரிக்க வேண்டும். வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாய்லாந்து மொழியில் அதற்குப் போர்வை போர்த்திய இறால் என்று பெயராம். என் தம்பி ப்ரணவுக்கு ஏழு வயது. அவன் அதற்கு ரஜாய் இறால் என்று பெயர் வைத்துவிட்டான். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனமான போர்வை; டெல்லிக் குளிரில் அவனுக்கு எல்லாமே ரஜாய்தான்.

நான் அன்று மாலை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“சனிக்கிழமையா? வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு டூட்டி இருக்குட்டி. இந்தப் பனிமூட்டத்துல ஃபிளைட் எல்லாம் லேட். எப்ப வீடு வந்து சேருவேன்னே தெரியாதே” என்றாள் அம்மா.

என் முகம் போன போக்கைப் பார்த்தாள்.

“சரி, சரி. மூஞ்சியத் தூக்காத. வந்து செஞ்சு தாரேன்.”

வெள்ளிக்கிழமை மாலை அப்பாவும் நானும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அவரோடு மீன் வாங்கப் போவதும் ஒரு தண்டனைதான்.

“இதெல்லாம் றாலாட்டி? எங்க ஊர்ல ஒரு றாலு என் உள்ளங்கை நீளம் இருக்கும்” என்று முதல் கடையில் சொன்னார். இரண்டாவது கடையிலும் அதையே சொன்னார். மூன்றாவது கடையில் இறாலின் தலையைத் தூக்கி, அதன் கண்ணைப் பார்த்து, பிறகு அதையே சொன்னார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக நான்காவது கடையில் இருபத்துநான்கு பெரிய இறால்கள் வாங்கினோம்.

“பையா, நல்லா சுத்தம் செஞ்சு குடுங்க” என்று அப்பா ஹிந்தியில் சொன்னார். ஹிந்தியில் பையா என்றால் அண்ணன். நான் அந்த நேரம் பார்த்து மாவுத்தாள் வாங்க எதிர்க் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கடைக்காரர் சரசரவென்று தலை, ஓடு, வால் எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வால்! வால்! வாலை விடுங்க பையா!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

எண்ணிப் பார்த்தேன். பத்து இறாலுக்கு வால் போய்விட்டது. பதினான்குக்கு இருந்தது.

“வாலு என்னத்துக்குட்டி? அதையா திங்கப் போற?” என்றார் அப்பா.

“அதுதாம்பா பிடி! அதைப் பிடிச்சுத்தான் சாப்பிடணும்!”

“இதை நீ முன்னாலயே சொல்லியிருக்கணும்லா?”

காரில் வீடு வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் அம்மா வந்தாள். வழக்கமாக ஏழு மணிக்கே வந்துவிடுவாள். பனிமூட்டத்தில் பதினோரு விமானங்கள் தாமதமாம். பயணிகள் எல்லாரும் அம்மாவின் கவுன்ட்டர் முன்னால் நின்று கத்தினார்களாம். அம்மாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தாள்.

அதற்குள் எனக்கு வீட்டில் வேறொரு வேலை இருந்தது. இட்லி சம்பந்தப்பட்ட எதுவும் குர்நூர் கண்ணில் படக்கூடாது. பட்டால் நான் செத்தேன்.

இட்லிப் பானையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பொடி டப்பாவைச் சட்டைகளுக்கு நடுவே ஒளித்தேன். ஆனால் மாவு? அது இருந்த இடம்தான் கொடுமை.

டெல்லி ஜனவரிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. அதனால் அம்மா மாவுப் பாத்திரத்தை மூடி, பழைய ரஜாய் ஒன்றால் நன்றாகச் சுற்றி, ஹாலில் சோபாவின் மூலையில் வைத்துவிடுவாள். பார்ப்பதற்கு யாரோ ஒரு குண்டு மனிதர் குளிருக்கு முடங்கி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அவருக்கும் சேர்த்து வணக்கம் சொல்லாத குறைதான்.

நான் அந்தக் குண்டு மனிதரை மெதுவாக இழுத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் சாய்ந்துவிடாமல் உட்கார வைத்தேன்.

“மாவ எங்கட்டி கொண்டுபோற?” என்றார் அப்பா.

“இன்னைக்கு இந்த வீட்ல இட்லிங்கற பேச்சே வரக்கூடாது” என்றேன்.

அடுப்படிக்குத் திரும்பினால், அப்பா எனக்கு முன்னால் அங்கே போய், மஞ்சள்தூள் டப்பாவோடு இறால் பாத்திரத்தின் மேல் குனிந்துகொண்டிருந்தார்.

“அப்பா! வேண்டாம்!”

“மஞ்சளும் உப்பும் போட்டு அலசாத றாலு றாலே இல்லட்டி.”

“இது தாய்லாந்து இறால்பா! மஞ்சள் கிடையாது!”

பாத்திரத்தை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. அம்மா பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர் மூன்றையும் நசுக்கிப் போட்டாள். பிறகு மீன் சாஸ் என்ற ஒரு கறுப்புத் தண்ணீரைச் சில சொட்டு விட்டாள். ப்ரணவ் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். அப்பாவோ கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

“கருவாட்டு வாசம்லா அடிக்கு! அருமை!” என்றார். அதன்பிறகு அவர் தாய்லாந்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

இறாலை அப்படியே பொரித்தால் அது சுருண்டுகொள்ளும். அதனால் வயிற்றுப் பக்கம் நான்கு இடத்தில் லேசாகக் கீறி, நிமிர்த்திவிட வேண்டும். அம்மா கீறினாள். நான் சுற்றினேன். மாவுத்தாளை நீளமாக வெட்டி, இறாலை ஓரத்தில் வைத்து, இறுக்கமாகச் சுருட்டி, கடைசியில் மைதாப் பசை தடவி ஒட்ட வேண்டும். தாள் காய்ந்தால் உடைந்துவிடும் என்று ஈரத்துணியால் மூடி வைத்திருந்தோம்.

பதினான்கு இறால்களும் தட்டில் வரிசையாக, ஒரே அளவாக, வாலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ப்ரணவ் வாலில்லாத பத்து இறால்களையும் எடுத்துச் சுற்றி முடித்திருந்தான்!

சுற்றினான் என்று சொல்வது தவறு. கசக்கி மூட்டை கட்டியிருந்தான். ஒன்று உருண்டையாக இருந்தது. ஒன்று கோணலாக இருந்தது. தாளின் நுனிகள் நாலா பக்கமும் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“இது யானை” என்று காட்டினான். “இது தூங்குற யானை. இது யானையோட பையன்.”

“அம்மா, இவனைப் பாரும்மா! தாளெல்லாம் வீணாக்கிட்டான்!”

அம்மா எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“விருந்தாளி முன்னால இதையா கண்ணு வைக்க முடியும்? பிரிச்சிருவோம். றாலையாச்சும் கொழம்புல போடலாம்.”

ப்ரணவின் கீழுதடு மெல்ல வெளியே வந்தது. அடுத்தது அழுகைதான். அவன் அழுதால் அது நிற்க அரை மணி நேரம் ஆகும். ஆனால் நான் அதற்காகத் தடுக்கவில்லை. அவன் விரல் பத்திலும் மைதாப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பாவம், அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து செய்திருக்கிறான். நான் எட்டு வருடம் முன்னால் பிறந்த அக்காகூட இல்லை, நாலு வருடம்தான் மூத்தவள். ஆனாலும் அக்கா அக்காதானே?

“பிரிக்க வேண்டாம்மா” என்று பெருமூச்சு விட்டேன். “டேய், உன் யானைங்களை ஃப்ரீசர்ல வைக்கிறேன். அவங்க போனப்புறம் நமக்குப் பொரிச்சுக்கலாம். ஆனா அவங்க முன்னால இதைப் பத்திப் பேசினா தொலைச்சுடுவேன்.”

பத்து யானைகளும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போயின.

மணி பன்னிரண்டு. குர்நூரிடமிருந்து போன் வந்தது.

“கிளம்பிட்டோம்! பஸ், பாஞ்ச் மினிட்!” அஞ்சே நிமிஷமாம்.

எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் ஆறு கட்டடங்கள். மூன்றின் பெயர்ப்பலகைகள் விழுந்துவிட்டன. புதிதாக வருகிறவர்கள் யாரும் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் நான் கேட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டும்.

கிளம்பும்முன் அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன்.

“அம்மா, நாங்க மேல வந்தப்புறம்தான் பொரிக்கணும். பொரிச்சு அஞ்சு நிமிஷம் ஆனா மொறுமொறுப்பு போயிடும்னு பிம் ஆன்ட்டி சொன்னாங்கல்ல?”

“சரிட்டி.”

“மறந்துடாதம்மா.”

“சரின்னு சொல்லுதேம்லா! போ!”

கேட்டில் நின்றேன். குளிர் காதுக்குள் புகுந்தது. பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. திரும்பவும் போன் செய்தேன்.

“இதோ, பாஞ்ச் மினிட்! அப்பா மிட்டாய்க் கடையில நிறுத்தியிருக்காங்க. வெறுங்கையோட எப்படி வர்றது?” என்றாள் குர்நூர்.

கேட்டில் இருந்த கார்டு பையா எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அவருக்கு டெல்லியின் ஐந்து நிமிடத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் வந்தது. குர்நூர் கையில் ஒரு பெரிய மிட்டாய்ப் பெட்டியோடு இறங்கினாள். பின்னால் தித்லி இறங்கினாள். குர்நூரின் அப்பா நான்கு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“எங்கே உன் தாய்லாந்து?” என்று சிரித்தாள் குர்நூர். “காலையிலிருந்து நான் ஒண்ணுமே சாப்பிடல.”

மூன்று பேரும் மேலே வந்தோம். கதவைத் திறந்ததும் கமகமவென்று வாசம். எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு வாசம் இப்போது வரக்கூடாதே?

அம்மா புதுச் சேலை கட்டி, தலைவாரி, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மேஜையில் தட்டுகள், சாஸ், தண்ணீர், எல்லாம் தயார். நடுவில் எங்கள் பெரிய சிவப்பு ஹாட்பேக்.

“வாங்கம்மா, வாங்க! உக்காருங்க! பசியோட வந்திருப்பீங்க. எல்லாம் சூடா ரெடியா இருக்கு!”



“எப்பம்மா பொரிச்ச?” என்று மெதுவாகத் தமிழில் கேட்டேன்.

“பன்னெண்டு மணிக்கு. அஞ்சு நிமிஷத்துல வாரோம்னு அந்தப் புள்ள சொல்லிச்சில்லா? விருந்தாளி வந்து காத்துக் கிடக்கலாமாட்டி? வந்ததும் கையில தட்டு இருக்க வேண்டாம்? ஆறிறக் கூடாதுன்னு சூட்டோட ஹாட்பேக்ல அடைச்சு வச்சேன்.”

ஐந்து நிமிடம் என்று யாராவது சொன்னால் அம்மா அதை ஐந்து நிமிடம் என்றே நம்புவாள். விமான நிலையத்தில் வேலை பார்த்தும் அவளுக்குப் புத்தி வரவில்லை.

அம்மா பெருமையாக மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி வந்தது. மூடியின் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறாலின் மேல் விழுந்தது. ஒரு மணி நேரம் அந்த ஆவிக்குள் கிடந்த பதினான்கும் வெளுத்து, தளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

குர்நூர் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினாள். அது நிமிர்ந்து நிற்கவில்லை. துவைத்துப் போட்ட காலுறை மாதிரி தொங்கியது.

தித்லி ஒன்றைக் கடித்தாள். சத்தமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு என்ன, பக்கத்து நாற்காலிக்கே கேட்கவில்லை.

“நல்லா இருக்கு” என்றாள் தித்லி, மரியாதைக்கு.

குர்நூர் என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை கடைசி பெஞ்சிலிருந்து “ஃபேங்கூ” என்று வரப்போகும் சத்தம் எனக்கு இப்போதே கேட்டது.

என் காது சூடாகிவிட்டது. எத்தனை தடவை சொன்னேன்! ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஏன் இந்த வீட்டில் யாருமே நான் சொல்வதைக் கேட்பதில்லை? ஒருவர் வாலை வெட்டுகிறார், ஒருவன் தாளைக் கசக்குகிறான், ஒருத்தி ஹாட்பேக்கில் அடைக்கிறாள்! கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவளும் தொங்கும் இறாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. இரவு முழுக்கத் தூங்காத கண்கள். யாரோ பதினோரு விமானத்துக்காரர்கள் கத்தியதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது பன்னிரண்டாவதாக நானுமா?

திறந்த வாயை மூடினேன். மூடுவது சுலபமாக இல்லை. ஆனாலும் மூடினேன்.

பிறகு யோசித்தேன். இறாலில் தப்பில்லை. அம்மாவின் கைப்பக்குவத்திலும் தப்பில்லை. வாணலிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துகொண்டது, அதுதான் தப்பு. இறாலை மேஜைக்குக் கொண்டுவராமல், ஆட்களை வாணலிக்குக் கொண்டுபோனால்?

ஆனால் பொரிக்க இறால் எங்கே இருக்கிறது?

ப்ரணவ் மேஜைக்கு அடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான். பேசினால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

யானைகள்!

“இது சும்மா முன்னோட்டம்தான்” என்று எழுந்தேன். “உண்மையான தாய்லாந்து இறாலை மேஜையில உக்காந்து சாப்பிடக்கூடாது. அடுப்படியில நின்னுதான் சாப்பிடணும். வாங்க.”

அம்மா பதறினாள்.

“ஏட்டி, விருந்தாளியப் போயி யாராச்சும் அடுப்படிக்குள்ள கூப்புடுவாங்களா? பாத்திரம் எல்லாம் அப்படியே கெடக்கு!”

“கிடக்கட்டும்மா. எண்ணெயை மட்டும் சூடு பண்ணு. ப்ளீஸ்மா.”

நான் ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். யானைகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் பாதி வெட்கம், பாதி சிரிப்பு. சட்டென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

“இந்தக் கல்லைத் தாண்டி ஒரு காலும் உள்ள வரக்கூடாது. எண்ணெய் தெறிக்கும்” என்று தரைக் கற்களுக்கு நடுவே ஒரு கோட்டைக் காட்டினாள். நாங்கள் நான்கு பேரும் அந்தக் கோட்டில் விரல் நுனி படும்படி வரிசையாக நின்றோம்.

முதலில் நான்கு மூட்டைகள் எண்ணெயில் இறங்கின. சடசடவென்று சத்தம். வெள்ளைத் தாள் மெல்ல மஞ்சளானது, பிறகு பொன்னிறமானது. ப்ரணவ் ஒழுங்காக ஒட்டாமல் விட்ட நுனிகள் எல்லாம் எண்ணெயில் விரிந்து, சாமந்திப் பூவின் இதழ் மாதிரி மொறுமொறுவென்று நின்றன. என்னுடைய நேரான சுருட்டல்களில் அந்த இதழ் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அம்மா எண்ணெயை வடித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, காகிதத்தில் வைத்து நீட்டினாள். குர்நூர் ஊதி ஊதி, ஒன்றைக் கடித்தாள்.

கரக்!

அடுப்படி ஜன்னல் வழியாக, எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார்.

“அரே வாஹ்!” என்றாள் குர்நூர். வாய் நிறைய இருந்ததால் மேலே பேச முடியவில்லை. கையை மட்டும் இன்னொன்றுக்கு நீட்டினாள்.

தித்லி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

“எங்க வீட்ல எத்தனையோ விதமா இறால் செய்வாங்க” என்றாள் கடைசியில். “இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல. இந்த டிசைன் யார் செஞ்சது?”

“நான்!” என்று ப்ரணவ் கத்தினான். “நீங்க சாப்பிட்டது தூங்குற யானை!”

பத்து யானைகளும் பத்து நிமிடத்தில் காலி. குர்நூருக்கு மூன்று, தித்லிக்கு மூன்று, ப்ரணவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. கடைசி ஒன்றை நான் ஊதி அம்மாவின் வாயில் வைத்தேன். அவள் கையில் கரண்டி இருந்தது அல்லவா? “கரக்” என்று அம்மாவும் சத்தம் போட்டாள். அதற்கு அவளே சிரித்தாள்.

ஹாலில் அப்பா ஹாட்பேக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நனைந்த இறால்களைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இதுவும் நல்லாத்தான்ட்டி இருக்கு” என்றார். அவருக்கு இறால் எந்த நிலையில் இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

“திங்கட்கிழமை கிளாஸ்ல சொல்றேன்” என்றாள் குர்நூர். “மதுமதி ஃபேங்கூ இல்லன்னு நானே சொல்றேன்.”

அப்பாடா! ஜெயித்துவிட்டேன். இனி வாழ்நாளில் அந்தக் கேள்வி வராது.

குர்நூர் காலை மாற்றி மாற்றி நின்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

“ஆன்ட்டி... இட்லி இல்லையா?”

“குர்நூர்!” என்று அலறினேன். “இவ்வளவு சாப்பிட்டப்புறமுமா கிண்டல் பண்ற?”

“கிண்டலா?” குர்நூர் உண்மையாகவே திகைத்துப் போனாள். “யார் கிண்டல் பண்ணது? மூணாம் கிளாஸ்ல ஒருநாள் நீ எனக்கு ஒரு இட்லி குடுத்தியே, ஞாபகம் இருக்கா? மேல ஏதோ சிவப்புப் பொடி போட்டு? அதுலேருந்து தினமும் கேக்கறேன். நீ ஒரு தடவையாவது, சரி, வீட்டுக்கு வா, தரேன்னு சொல்லுவியான்னு பாத்தேன். நீ முறைச்சுக்கிட்டே இருந்த!”

நான்கு வருடம்! நான்கு வருடமாக இவள் கேட்டது அதைத்தானா? இதை நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன? எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. சிரிப்பாகவும் வந்தது.

“அதுக்கென்ன கண்ணு, மாவு இருக்கே!” என்றாள் அம்மா. ஹாலைப் பார்த்தாள். சோபா மூலை காலியாக இருந்தது. “எங்கட்டி மாவு?”

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “கட்டிலுக்கு அடியில பாரு” என்றார்.

நான் யாரையும் பார்க்காமல் போய், குனிந்து, அந்தக் குண்டு மனிதரைக் காலைப் பிடித்து இழுப்பது போல வெளியே இழுத்து வந்தேன். பின்னாலேயே இட்லிப் பானையும் வந்தது. பொடி டப்பாவை என் பள்ளிச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தேன்.

“இது யாரு?” என்றாள் தித்லி, ரஜாய் மூட்டையைப் பார்த்து.

“இட்லி மாவு.”

“ரஜாய்க்குள்ளயா?”

“அதுக்கும் குளிருமில்ல?” என்றான் ப்ரணவ்.

பிரித்துப் பார்த்தால், மாவு பாத்திரத்தின் விளிம்புவரை பொங்கி நுரைத்து நின்றது. கட்டிலுக்கடியில் அதற்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கிறது.

கால் மணி நேரத்தில் முதல் ஈடு இறங்கியது. குர்நூர் ஒன்றுக்குப் பிறகு ஒன்றாக எடுத்துக்கொண்டே இருந்தாள். எட்டு இட்லிவரை எண்ணினேன். பிறகு எண்ணுவது அநாகரிகம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஈட்டை அம்மா துணியிலிருந்து எடுத்தாள். சிவப்பு ஹாட்பேக்கை அப்பாவிடமிருந்து வாங்கி, கழுவித் துடைத்தாள். ஆவி பறக்கும் இட்லிகளை உள்ளே அடுக்கினாள். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடலாமா வேண்டாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லா அழுத்தி மூடும்மா” என்றேன்.